ஓதம் ஏறிய அறைக்கு முப்பதாயிரம் போதுமா?

கேள்வி: அண்ணாச்சி, எனக்குச் சொந்த ஊர் வீரவநல்லூர், வேலை தூத்துக்குடியில். அம்மாவுக்கு மூட்டுவலி, மாடி ஏற முடியவில்லை. கீழே பின்னறையைப் பூசிச் சரிசெய்து பொங்கலுக்குள் அம்மாவை அங்கே மாற்றலாம் என்று நினைக்கிறேன். அறை 12-க்கு 10, உயரம் 10 அடி. ஒரு கதவு, இரண்டு ஜன்னல். மூன்று சுவர்களும் கான்கிரீட் மேல்தளமும் 1986-ல் அப்பா கட்டியவை. வடக்குச் சுவர் மட்டும் தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவர். 12 அடி நீளம், ஜன்னல் கிடையாது. அதற்கு வெளியே எங்களுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் பொதுவான முடுக்கு, அதாவது குறுகிய சந்து. முடுக்கில் சிமெண்ட் தளம் போட்டதில் வெளித்தரை எங்கள் உள்தரையைவிட அரை அடி உயர்ந்துவிட்டது. கிழக்குச் சுவருக்கு வெளியே துவைகல் இருக்கிறது. வடக்குச் சுவரில் ஐந்தடி வரையும் மற்ற சுவர்களில் இரண்டரை அடி வரையும் பூச்சு பொருமி உதிர்கிறது. மூன்று கொத்தனார்களிடம் கேட்டேன். ஒருவர் பொருளோடு மொத்தமாக 45,000 என்றார். இன்னொருவர் கூலி மட்டும் சதுர அடிக்கு 38 ரூபாய் என்றார். மூன்றாமவர் நாள் சம்பளம், கொத்தனாருக்கு 1,100, கையாளுக்கு 750, இரண்டு கொத்தனாரும் இரண்டு கையாளும் நான்கு நாளில் முடித்துவிடுவோம் என்றார். இங்கே சிமெண்ட் மூட்டை 340 ரூபாய், பூச்சு மணல் வீட்டில் இறக்கிக் கன அடி 70 ரூபாய். என் கையில் இருப்பது 30,000. யாரிடம் கொடுக்கலாம்? எல்லோரும் வாட்டர் புரூஃப் கெமிக்கல் கலந்து பூசச் சொல்கிறார்கள். மச்சான் ஜிப்சம் பூச்சு மலிவு என்கிறார். எது சரி?

பதில்: தம்பி, அளவுகளை இவ்வளவு தெளிவாக எழுதியதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். எனக்கு வருகிற கடிதங்களில் பாதி, “ஒரு ரூம் பூச எவ்வளவு ஆகும்?” என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடும்.

அந்த மூன்று பேரும் உங்களை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ஆளுக்கொரு வேலையை மனதில் வைத்து விலை சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். முதலில் அதைப் பிரித்துப் பார்ப்போம். நான்கு சுவர்களின் சுற்றளவு 44 அடி. உயரம் 10 என்றால் 440 சதுர அடி. தளத்தின் அடிப்பாகம் 120. ஆக 560. சதுர அடிக் கணக்குச் சொன்னவர் கதவு ஜன்னலைக் கழிக்காமல், தளத்தையும் சேர்த்துப் பேசியிருந்தால் அவருடைய கூலி 21,280 ஆகிறது. கதவும் இரண்டு ஜன்னலும் சேர்ந்து ஐம்பத்தைந்து, அறுபது சதுர அடி இருக்கும். அவற்றின் ஓரங்களைப் பூசுவதில் கை வேலை அதிகம் என்பதால், கொஞ்சம் கழித்துச் சுவரை 400 என்று வைப்பதுதான் நியாயம். இதை அவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். வேலை முடிந்தபிறகு டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

நாள் சம்பளக்காரரின் நான்கு நாளுக்கு நாளொன்றுக்கு 3,700 வீதம் 14,800. பார்க்க மலிவு. ஆனால் உள்பூச்சில் ஒரு கொத்தனார் நிதானமாக, மட்டம் பார்த்துப் பூசினால் ஒரு நாளைக்கு 80 முதல் 100 சதுர அடி. தளத்தின் அடியில் பூசும்போது அதுவும் குறையும். 520 சதுர அடியைப் பூச மட்டுமே இரண்டு பேருக்கு மூன்று நாள் போய்விடும். அதற்கு முன் பழைய பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும், செங்கல் இடுக்கைச் சுரண்ட வேண்டும், குப்பையை அள்ள வேண்டும். நான்கு நாள் என்பது ஆறு நாளாகும். ஆறு நாளுக்கு 22,200. பார்த்தீர்களா, சதுர அடிக்காரர் கேட்டதற்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது! நாள் கூடினால் யார் தலையில் விழும் என்பதுதான் வித்தியாசம். நீங்கள் தூத்துக்குடியில் இருந்துகொண்டு நாள் சம்பளத்துக்கு வேலை விட வேண்டாம். கூடவே நிற்க முடிகிறவர்களுக்கு அது நல்ல முறை.

45,000 கேட்டவரிடம் ஒரே ஒரு கேள்வி: பெயிண்டுக்கு முன் சுவரை வழவழப்பாக்கத் தேய்க்கும் பட்டியும், பெயிண்டும் அதில் சேர்த்தியா? அறை முழுவதும் பூசினாலும் சிமெண்ட் ஆறு மூட்டை, மணல் 35 கன அடிக்கு மேல் போகாது. உங்கள் ஊர் விலையில் அது 4,490 ரூபாய். மீதி 40,000 எதற்கு என்று அவர் சொல்லட்டும். பெயிண்ட் வரைக்கும் என்றால் பேசிப் பார்க்கலாம். வெறும் பூச்சுக்கு என்றால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

சரி, இவ்வளவும் அறை முழுவதையும் பூச வேண்டும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. அப்படிப் பூசத்தான் வேண்டுமா? எனக்குத் தோன்றவில்லை.

ஊருக்குப் போகும்போது ஒரு சாக்கட்டியும் சின்னச் சுத்தியலும் எடுத்துக்கொள்ளுங்கள். சுவரை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். பூச்சு கல்லைப் பிடித்திருக்கும் இடத்தில் ‘டொக்’ என்று கெட்டியாகக் கேட்கும். விட்டுப்போன இடத்தில் காலிப் பானையைத் தட்டியதுபோல் இருக்கும். அதைச் சுற்றிக் கோடு போடுங்கள். தளத்தையும் ஒரு கம்பால் தட்டிப் பாருங்கள். கெட்டியாகச் சத்தம் வந்து, துருக்கறையோ வெடிப்போ இல்லையென்றால் அதன் பக்கமே போக வேண்டாம். அந்த 120 சதுர அடியை விட்டாலே கூலியில் 4,560 மிச்சம். தளத்தில் கம்பி தெரிந்து துரு உதிர்ந்தால் அது பூச்சு வேலையே இல்லை. அதற்கு ஒரு பொறியாளர் நேரில் வந்து பார்க்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை வைத்து நான் போடும் கணக்கு இது. வடக்குச் சுவர் முழுவதும் கொத்த வேண்டியிருக்கும், 120 சதுர அடி. மற்ற மூன்று சுவர்களில் ஈரம் தெரிகிற கோட்டுக்கு ஒன்றரை அடி மேலே வரை, அதாவது நான்கடி உயரத்துக்குக் கொத்தினால் போதும். கண்ணுக்கு ஈரம் தெரியாத இடத்திலும் உப்பு ஏறியிருக்கும், அதனால்தான் அந்த ஒன்றரை அடி. கதவையும் ஜன்னலின் கீழ்ப்பகுதியையும் கழித்தால் இது 105 சதுர அடி. மொத்தம் 225. மூன்று பேர் விலை சொன்ன வேலையில் பாதிகூட இல்லை. பழைய பூச்சும் புதுப்பூச்சும் சேருமிடத்தில் நேர்கோடாகக் கட்டிங் மெஷினால் அறுத்துவிட்டுக் கொத்தச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஓரம் கோணல்மாணலாக நின்று, பெயிண்ட் அடித்தபிறகும் ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி தெரியும்.

இனி ஓதத்துக்கு, அதாவது சுவரில் ஏறும் ஈரத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். சுவர் அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சுகிறது. தண்ணீரோடு மண்ணில் உள்ள உப்பும் ஏறுகிறது. சுவர்முகத்துக்கு வந்ததும் தண்ணீர் காற்றில் போய்விடும். உப்பு அங்கேயே தங்கிக் கட்டியாகி, பூச்சை உள்ளிருந்து நெம்பித் தள்ளும். வாட்டர் புரூஃப் கலந்து உள்பக்கம் பூசினால் தண்ணீருக்கு வெளியே போக வழி அடைபடுமே தவிர, உள்ளே வருவது நிற்காது. அது மேலே ஏறும். இதை நான் அனுபவத்தில் படித்தவன். தொழிலுக்கு வந்த புதிதில் பாளையங்கோட்டையில் ஒரு வீட்டுக்கு மூன்றடி உயரத்துக்கு வாட்டர் புரூஃப் பூச்சு போட்டுக் கொடுத்து, பெருமையாகப் பணமும் வாங்கி வந்தேன். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அந்த வீட்டு ஆச்சி ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால் மூன்றடி வரை சுவர் பளபளவென்று இருக்கிறது, அதற்கு மேலே ஐந்தடி வரை பொருமி நிற்கிறது. “நல்லாத்தான் ஏணி வெச்சுக் குடுத்திருக்க” என்றார் ஆச்சி. மேல்பகுதியைக் கூலி வாங்காமல் பூசிக் கொடுத்தேன். நான்கடிக்கு டைல்ஸ் ஒட்டி மறைக்கிறவர்களுக்கும் இதே கதைதான்.

அந்த கெமிக்கலுக்குச் சுவரின் வெளிப்பக்கம் வேலை உண்டு, உள்பக்கம் இல்லை. உங்கள் மச்சான் சொன்ன ஜிப்சமும் இந்த அறைக்கு ஆகாது. காய்ந்த சுவரில் அது நல்ல பொருள், வேலையும் சீக்கிரம் முடியும், ஆற்றத் தண்ணீர் விட வேண்டாம். ஈரம் பட்டால் இளகிப்போகும்.

அதனால் முதல் செலவை அறைக்கு வெளியே செய்யுங்கள். கிழக்கே துவைகல்லைச் சுவரிலிருந்து நான்கைந்து அடி தள்ளிப் போட்டு, தண்ணீர் ஓட ஒரு வாட்டம் கொடுங்கள். அம்மா வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவது நேராக அஸ்திவாரத்துக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது. வடக்கே முடுக்கு பொது என்பதால் முதலில் சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் சரி என்றால் சுவரை ஒட்டிய சிமெண்ட் தளத்தை 12 அடி நீளத்துக்கு ஒரு அடி அகலம் உடைத்து எடுத்து, ஒரு அடி ஆழம் தோண்டி, தண்ணீர் வெளியே போகிற பக்கமாகச் சரிவு கொடுத்து ஜல்லியை நிரப்புங்கள். அதற்குமேல் ஆழம் வேண்டாம், பழைய அஸ்திவாரத்தைக் கிளறிவிடக் கூடாது. ஒரு கையாளுக்கு ஒரு நாள் வேலை, 12 கன அடி ஜல்லி. வருகிற ஓதம் முழுவதும் இதனால் நின்றுவிடாது, ஆனால் நன்றாகவே குறையும்.

இன்னொன்றும் கவனியுங்கள். கன்னடியன் கால்வாய் ஓடுகிற ஊர் உங்களுடையது. கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகங்களுக்கும் தண்ணீர் ஓடும் மாதங்களில் கிணற்றில் தண்ணீர் மேலே வரும், சுவரிலும் ஏறும். அதோடு ஐப்பசி, கார்த்திகை மழை. பொங்கலுக்குள் முடிக்க வேண்டும் என்று அந்த மழையில் கொண்டுபோய்ப் பூசினால், ஈரத்தை உள்ளே வைத்து மூடிய மாதிரிதான். நான் செய்வதாக இருந்தால் இப்போதே பூச்சைக் கொத்தி, வடக்கே பள்ளம் தோண்டி, துவைகல்லை நகர்த்திவிட்டு, சுவரை வெறுங்கல்லாக மழைக்காலம் முழுவதும் விட்டுவைப்பேன். வெள்ளையாக உப்பு பூத்துக்கொண்டே வரும். தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம், அது திரும்ப உள்ளே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ளி வெளியே போட வேண்டும். மாசியில் பூசலாம். பங்குனி, சித்திரை வெயில் மீதியைக் காயவைக்கும். பொங்கலுக்கு அம்மா முன்னறையில் கட்டில் போட்டுக்கொள்ளட்டும். நீங்கள் கேட்ட பதில் இதுவல்ல என்று தெரியும். ஆனால் மூன்று மாதம் பொறுக்காமல் மூன்று வருடத்தில் மறுபடி கொத்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இதில் உங்கள் பட்ஜெட்டுக்கும் ஒரு வசதி இருக்கிறது, செலவு இரண்டாகப் பிரிந்துவிடும்.

வடக்குச் சுவரை மற்றவற்றோடு சேர்த்துப் பேசவே கூடாது. சுண்ணாம்பில் கட்டிய பழைய சுவர் மூச்சு விடும் சுவர். அதன்மேல் கெட்டியான சிமெண்ட் பூச்சு போட்டால் இரண்டும் சேர்ந்து வாழாது. தொழில் தெரிந்த ஆள் கிடைத்தால் முழுச் சுண்ணாம்புப் பூச்சுதான் முதல்தரம். கிடைக்காவிட்டால் சிமெண்ட் ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்ற கலவை. சுண்ணாம்பு வெள்ளையடிக்க வாங்கும் மட்டமான பொடியாக இருக்கக் கூடாது, நன்றாக நீற்றிச் சலித்ததாக இருக்க வேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் இன்னும் நல்லது. பழைய சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்காது. ஓரிடத்தில் அரை அங்குலம், ஓரிடத்தில் ஒன்றரை அங்குலம் என்று பூச்சு வாங்கும். சராசரியாக ஒரு அங்குலம் வைத்து இரண்டு கையாகப் பூசச் சொல்லுங்கள். முதல் கை இறுகியபிறகுதான் இரண்டாவது.

இங்கேதான் பலருடைய கணக்கு உதைக்கும். சதுர அடியைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள், கனத்தை யாரும் பேசுவதில்லை. 12 மில்லிமீட்டர் பூச்சும் 25 மில்லிமீட்டர் பூச்சும் ஒரே சதுர அடிதான். ஆனால் சிமெண்டும் மணலும் இரட்டிப்பு. விலை பேசுமுன்பே கொத்தனாரை மட்டப்பலகையும் நூலும் கொண்டுவரச் சொல்லி, சுவரில் புள்ளி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு கனம் வரும் என்று அப்போதே தெரிந்துவிடும். புள்ளி வைக்காமல் கண்மதிப்பில் விலை சொல்கிறவர், பாதி வேலையில் “மணல் பத்தலை” என்று நிற்பார்.

இனி உங்கள் அறைக்கு. வடக்குச் சுவருக்கு மணல் 12 கன அடி, சிமெண்ட் ஒன்றேமுக்கால் மூட்டை, சுண்ணாம்பு 35 முதல் 40 கிலோ. மற்ற 105 சதுர அடிக்கு சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஐந்து என்ற கலவையில் மணல் 8 கன அடி, சிமெண்ட் ஒன்றேகால் மூட்டை. இடுக்கு நிரப்ப, ஓரம் சேர்க்க, சிந்திச் சிதறுவதற்கு எல்லாம் சேர்த்துச் சிமெண்ட் 4 மூட்டையும் மணல் 25 கன அடியும் வாங்குங்கள். மணல் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. உங்களுக்குத் தேவை கால் யூனிட்டுதான். ஒரு சிமெண்ட் மூட்டையின் கொள்ளளவு ஒன்றேகால் கன அடி, அதனால் சாக்குக் கணக்கில் கேட்டால் 20 சாக்கு. லாரிக்காரர் ஒரு யூனிட்டை இறக்கிவிட்டுப் போனால் மீதியில் பூனைதான் படுத்துக்கொள்ளும்.

மணலைப் பற்றி ஒரு வார்த்தை. நம் அப்பாக்கள் தாமிரபரணி மணலில் பூசினார்கள், சலித்தால் போதும். ஆற்றில் மணல் அள்ள 2010-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. அது நல்லதுதான், ஆறு இருந்தால்தானே ஊர். இப்போது எல்லோரும் பி-சாண்டுக்கு, அதாவது பாறையை உடைத்து அரைத்த பூச்சு மணலுக்குப் பழகிவிட்டோம். அதில் கிரஷர் தூசியைக் கலந்து தருகிறவர்களும் உண்டு. ஒரு பிடியை நனைத்து உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். குழம்பாக ஒட்டினால் தூசி, பூசிய பத்தாம் நாள் சுவரில் வலைபோல வெடிப்பு ஓடும். சொரசொரவென்று உதிர்ந்தால் வாங்கலாம். சிமெண்ட் மூட்டையில் தயாரித்த வாரமோ மாதமோ அச்சிட்டிருக்கும். மூன்று மாதம் தாண்டியிருந்தால் வேண்டாம். தாழையூத்தில் 1949 முதல் சிமெண்ட் ஆலை ஓடுகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு பழைய சிமெண்டை ஏன் வாங்க வேண்டும்?

கூலியை நீங்கள் சொன்ன விகிதத்திலேயே போடுகிறேன். கொத்தவும் இடுக்குச் சுரண்டவும் கையாள் மூன்று நாள், 2,250. பூசக் கொத்தனார் நான்கு நாள், 4,400. அவரோடு கையாள் நான்கு நாள், 3,000. ஆகக் கூலி 9,650. சிமெண்டும் மணலும் 3,110. அப்புறம், யாரும் கடிதத்தில் எழுதாத செலவுகள் இருக்கின்றன. கொத்திய குப்பை முக்கால் டன்னுக்குக் குறையாது, அதை ஏற்றிப் போக ஒரு வண்டி. சுண்ணாம்பு, ஜல்லி, பள்ளம் தோண்டுகிறவர் சம்பளம். செங்கல்லும் கான்கிரீட்டும் சேருமிடத்தில் கொத்த நேர்ந்தால் அங்கே அடிக்கக் கோழிவலை. டீ, வடை. எலக்ட்ரீஷியன். இவற்றுக்கெல்லாம் 6,000 ஒதுக்குங்கள். கூட்டினால் 18,760. பழைய வீட்டு வேலையில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வைக்காமல் நான் யாருக்கும் கணக்குக் கொடுப்பதில்லை. கொத்திப் பார்க்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதையும் சேர்த்தால் 22,500. முப்பதாயிரத்தில் ஏழாயிரத்துச் சொச்சம் மிஞ்சும். துவைகல்லை நகர்த்தவும் பிறகு வண்ணம் அடிக்கவும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் கொடுப்பது என்றால், சதுர அடிக்காரரிடம் பேசுங்கள். ஆனால் 225 சதுர அடிக்கு அதே 38 ரூபாய்க்கு வர மாட்டார். 8,550 ரூபாய்க்குக் கொத்துவது, இரண்டு கை பூசுவது எல்லாம் அவருக்குக் கட்டாது. கொத்தும் வேலையை இப்போதே தனியாகக் கையாள்களை வைத்து முடித்துவிட்டு, பூச்சை மாசியில் பேசித் தீர்த்த தொகையாக ஏழெட்டாயிரத்துக்குள் முடிக்கப் பாருங்கள். கொத்தனாருக்கும் அப்போது சுவர் கண்ணுக்குத் தெரிவதால் தயங்காமல் விலை சொல்வார். முன்பணமாக ஆயிரமோ ஆயிரத்தைந்நூறோ போதும். வடக்குச் சுவர் முடிந்ததும் ஒரு பகுதி. கடைசி இரண்டாயிரத்தை ஒரு வாரம் தண்ணீர் விட்டு ஆற்றியபிறகு, நீங்களே சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். அந்த ஒரு வாரம் காலை, மதியம், மாலை தண்ணீர் தெளிக்கப்போவது யார் என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். கொத்தனார் அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார், நீங்கள் தூத்துக்குடியில் இருப்பீர்கள். அம்மாவை வாளி தூக்க விடாமல் தெருவில் யாருக்காவது கொஞ்சம் பணம் கொடுத்துச் சொல்லுங்கள்.

எலக்ட்ரீஷியன் என்று எழுதினேன் அல்லவா, அவரை பூச்சுக்கு முன்பே கூப்பிட வேண்டும். சுவர் கல்லாக நிற்கும்போது குழாய் பதித்தால் செலவு குறைவு. பூசியபின் வெட்டினால் இரண்டு செலவு. அம்மா படுத்தபடியே கை நீட்டினால் எட்டுகிற உயரத்தில் லைட்டுக்கும் மின்விசிறிக்கும் ஒரு சுவிட்ச் வையுங்கள். அந்த அறையில் சிவப்புத் தரை என்றால் வேலை தொடங்குமுன் சாக்கை நனைத்து விரித்து, மேலே கொஞ்சம் மணல் தூவச் சொல்லுங்கள். சிமெண்ட் பால் இறங்கினால் அந்தச் சிவப்பு திரும்ப வராது.

பூச்சு ஆறியபிறகும் குறைந்தது ஒரு மாதம் வண்ணம் வேண்டாம். வடக்குச் சுவருக்குப் பட்டியும் பிளாஸ்டிக் பெயிண்டும் எப்போதுமே வேண்டாம், சுண்ணாம்பு வெள்ளைதான். கட்டிலையும் அந்தச் சுவரோடு ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.